ஒரே ரெசிஸ்டரில் எட்டு எல்இடி: சிவப்பு மட்டும் எரிகிறது

மார்ச் 3

வாசகர் கேள்வி: 1:350 அளவில் ஒரு சரக்குக் கப்பல் மாடல் செய்துகொண்டிருக்கிறேன். ஆறு வெள்ளை எல்இடி, ஒரு சிவப்பு, ஒரு பச்சை. எல்லா பிளஸ் கால்களையும் ஒன்றாக முறுக்கி, எல்லா மைனஸ் கால்களையும் ஒன்றாக முறுக்கி, இடையில் ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர் போட்டு 9 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன். சிவப்பு மட்டும் பளிச்சென்று எரிகிறது. மற்ற ஏழும் இருட்டு. எல்லாம் போய்விட்டதா? மேல்தளத்தை இன்னும் ஒட்டவில்லை.

மார்ச் 3, இரவு

போகவில்லை. சிவப்பின் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள், வெள்ளை எல்லாம் எரியும்.

எல்இடி எரிய ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட், வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட். அந்த அளவைத் தொட்டதும் எல்இடி கதவைத் திறந்துவிடும். அதற்குப் பிறகு கரண்ட் எவ்வளவு வந்தாலும் அதன் இரு கால்களுக்கு நடுவே வோல்டேஜ் பெரிதாக ஏறாது. நீங்கள் எட்டையும் பக்கம் பக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வோல்டேஜ்தான் கிடைக்கும். சிவப்பு 2 வோல்ட்டில் கதவைத் திறந்து, வருகிற கரண்ட் முழுவதையும் தானே வாங்கிக்கொள்கிறது. வோல்டேஜ் 2-ஐத் தாண்டி ஏறவே இல்லை என்றால் 3 கேட்கும் வெள்ளை எப்படி எரியும்?

கணக்கும் ஒத்துப்போகிறது. 9-இல் 2 போக மீதி 7 வோல்ட், அதை 470 ஓமால் வகுத்தால் 15 மில்லி ஆம்பியர். அத்தனையும் அந்த ஒரு சிவப்பு வழியாகப் போகிறது. பளிச்சென்று எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

தீர்வு ஒன்றே ஒன்று: கரண்டை மட்டுப்படுத்த ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். பச்சையும் சிவப்பு மாதிரி 2 வோல்ட் சமாசாரம்தான், அதற்கும் தனி. மேல்தளத்தை ஒட்டாமல் கேட்டீர்களே, அது பெரிய விஷயம்.

மார்ச் 4, காலை

நேற்று பச்சைக்கு 2 வோல்ட் என்று எழுதியது தப்பு. கேள்வியைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. சிவப்பு மட்டும் எரிந்தது என்கிறார். பச்சை 2 வோல்ட் வகையாக இருந்திருந்தால் அதுவும் மங்கலாகவாவது எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை என்றால் அது 3 வோல்ட் வகை.

பச்சையில் இரண்டு சாதி உண்டு. பழைய வகை சற்று மஞ்சள் கலந்த, சோகையான பச்சை. 2 வோல்ட்டை ஒட்டி எரியும். புதிய வகை கண்ணைக் குத்தும் தூய பச்சை. அது உள்ளே நீல எல்இடியின் உறவு, 3 வோல்ட் கேட்கும். வெளியே தெளிந்த கண்ணாடி மாதிரி இருந்து, எரியும்போது மட்டும் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் புதிய வகை. ஆனால் பார்த்துச் சொல்வதை நம்பாமல் எரியவிட்டு, கால்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடுங்கள். பத்து வினாடி வேலை.

மார்ச் 4, மதியம்

"எவ்வளவு ரெசிஸ்டர்" என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி வோல்டேஜில் எல்இடியின் வோல்டேஜைக் கழியுங்கள். மீதியை, வேண்டிய கரண்டால் வகுங்கள். கரண்டை மில்லி ஆம்பியரில் வைத்துக்கொண்டால் விடை நேராகக் கிலோ ஓமில் வந்துவிடும். புள்ளி, பூஜ்யம் எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

வெள்ளை: 9-இல் 3 போக 6. 5 மில்லி ஆம்பியர் வேண்டும் என்றால் 6-ஐ 5-ஆல் வகுத்து 1.2 கிலோ ஓம்.
சிவப்பு: 9-இல் 2 போக 7. அதை 5-ஆல் வகுத்தால் 1.4. கடைகளில் 1.5 கிலோ ஓம்தான் சாதாரணமாகக் கிடைக்கும், அதையே போடுங்கள். எப்போதும் மேல்பக்கம் நகருங்கள், கீழ்ப்பக்கம் வேண்டாம்.

ரெசிஸ்டரில் வெளியாகும் சூடு 6 வோல்ட் பெருக்கல் 5 மில்லி ஆம்பியர், அதாவது 30 மில்லி வாட். கால் வாட் ரெசிஸ்டரே தாராளம்.

மார்ச் 4, இரவு

ஏன் 5 மில்லி ஆம்பியர், பாக்கெட்டில் 20 என்று போட்டிருக்கிறதே என்று ஒருவர். 20 என்பது சாதாரண 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் எல்இடி தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற அர்த்தமில்லை. குறைவாகக் கொடுத்தால் எல்இடி கெடாது. மங்கலாக எரியும், நீண்ட நாள் உழைக்கும்.

மார்ச் 5

பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்ற கேள்விக்கு: எட்டு எல்இடி, தலைக்கு 5 மில்லி ஆம்பியர், மொத்தம் 40. அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். வகுத்தால் 12 மணி நேரம். அலமாரியில் வைத்துக் காட்டும் மாடலுக்கு இது போதாது.

அதனால் வெள்ளையை இரண்டிரண்டாகத் தொடராகக் கட்டுங்கள். முதலாவதின் மைனஸ் இரண்டாவதின் பிளஸ்ஸில். ஒரே கரண்ட் இரண்டு எல்இடியையும் எரித்துவிடும். 9-இல் 6 போக 3 வோல்ட், 5-ஆல் வகுத்தால் 0.6; 620 ஓம் போடலாம். இப்போது வெள்ளைக்கு மூன்று கிளை, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. மொத்தம் 25 மில்லி ஆம்பியர்.

மூன்று வெள்ளையைத் தொடராகக் கட்ட நினைக்காதீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 9 வோல்ட் தேவை, ரெசிஸ்டருக்கு ஒன்றும் மிஞ்சாது. 12 வோல்ட் அடாப்டர் என்றால் மூன்று தாராளமாகப் போகும்.

மார்ச் 6

நேற்று சொன்ன ஜோடி யோசனையை நானே பாதி வாபஸ் வாங்குகிறேன்.

9 வோல்ட் பேட்டரி கடைசிவரை 9 வோல்ட் தராது. பாதி தீர்ந்ததும் 7-ஐ ஒட்டி வந்துவிடும். தனி எல்இடியில் 7-இல் 3 போக 4 வோல்ட்; 1.2 கிலோ ஓம் வழியாக 3.3 மில்லி ஆம்பியர். கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. ஜோடியில் 7-இல் 6 போக 1 வோல்ட்தான் மிச்சம். 620 ஓம் வழியாக 1.6 மில்லி ஆம்பியர். மூன்றில் ஒரு பங்காகிவிடும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய அப்படியே இருக்க வெள்ளை விளக்குகள் மட்டும் அணைவது போலத் தெரியும். ரெசிஸ்டரின் மேல் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு வெளிச்சம் நிலையாக நிற்கும். அடாப்டரில் ஓட்டினால் ஜோடி சரி. பேட்டரியில் ஓட்டினால் தனித்தனியே கட்டிவிட்டு கரண்டைக் குறையுங்கள்.

எவ்வளவு குறைப்பது என்று நாளைக்கு எழுதுகிறேன். என் அலமாரியில் ஒரு கப்பல் இருக்கிறது, அதை அளந்து பார்க்க வேண்டும்.

மார்ச் 7, நள்ளிரவு

அளந்துவிட்டேன். 5 மில்லி ஆம்பியர் என்று நான் சொன்னது ரொம்ப அதிகம்.

என் கப்பலின் ஜன்னல் வெளிச்சத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளை எல்இடியில் ஓடுவது கால் மில்லி ஆம்பியரை ஒட்டித்தான். அந்த அளவு எப்படி வந்தது என்பது மறந்தே போயிருந்தது, பழைய நோட்டைப் புரட்டியதும் ஞாபகம் வந்தது. 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை, வால்யூம் குமிழ் போலத் திருகுகிற ரெசிஸ்டர் அது, எல்இடியோடு தொடராகக் கட்டினேன். குமிழ் பூஜ்யத்துக்குப் போனாலும் எல்இடி கருகாமல் இருக்க கூடவே ஒரு 1 கிலோ ஓமை நிரந்தரமாக வைத்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன், கண் இருட்டுக்குப் பழக வேண்டுமே. அப்புறம் குமிழை மெல்லத் திருகினேன்.

முதலில் ஜன்னல்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். ஓட்டைக்குப் பின்னால் ஒரு எல்இடி இருக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இன்னும் திருகினேன். ஓர் இடத்தில் புள்ளி மறைந்து, ஜன்னலுக்கு உள்ளே ஒரு அறை இருப்பது தெரிந்தது. பின்சுவரில் நான் வரைந்திருந்த கதவின் நிழல்கூடத் தெரிந்தது. அங்கே நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, இரண்டு ரெசிஸ்டரையும் சேர்த்து மல்டிமீட்டரில் அளந்தேன். 21-ஐத் தாண்டி இருந்தது. 22 கிலோ ஓம் போட்டேன்.

நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் பார்ப்பதில்லை. கரண்டைப் பாதியாகக் குறைத்தால் பாதி வெளிச்சம் போனதாகத் தோன்றாது, சற்றுக் குறைந்ததாகத்தான் தோன்றும். 5-இலிருந்து 4, 3 என்று தயங்கித் தயங்கி இறங்கினால் வித்தியாசமே தெரியாமல் சலித்துவிடுவீர்கள். பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிப் பாருங்கள்.

என் கப்பலில் இன்று அளந்தவை, எல்லாம் 9 வோல்ட்டுக்கு: அறை வெளிச்சம் 22 கிலோ ஓம். கொடிமர விளக்கு 10 கிலோ ஓம். சிவப்பு 4.7 கிலோ ஓம். பச்சை 47 கிலோ ஓம். கடைசி எண்ணைப் பார்த்து யாரும் தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். புதிய வகைப் பச்சை சிறு கரண்ட்டிலேயே நிறைய வெளிச்சம் தருகிறது. போதாததற்கு நம் கண் பகலில் அதிகம் உணர்வது பச்சையைத்தான், 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி. இரண்டும் சேர்ந்தால் பச்சை எப்போதும் ஜெயிக்கும். சிவப்போடு சமமாகத் தெரியும்வரை அதை அடக்க வேண்டும்.

உங்களுடைய எட்டு விளக்குகளுக்கும் இதே மதிப்புகளைப் போட்டால் மொத்தம் 4 மில்லி ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். அதே பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் வரும். இனி ஜோடி கட்டுகிற பேச்சே வேண்டாம்.

மார்ச் 8

ஓர் எச்சரிக்கை. ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேல் உள்ள நிற வரிகள் சொல்லும். 22 கிலோ ஓமின் வரிகள் சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு. 220 ஓமின் வரிகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. மஞ்சள் விளக்கின் கீழ் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்று போலவே தெரியும். ஒரு இரவு நான் 22 கிலோ என்று நினைத்து 220-ஐப் பற்றவைத்துவிட்டேன். 27 மில்லி ஆம்பியர். மணல் அளவு எல்இடி சில நிமிடம் நீலம் பாய்ந்த வெள்ளையாக எரிந்துவிட்டு நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோடு அணைந்தது. அன்றிலிருந்து எந்த ரெசிஸ்டரையும் அளக்காமல் பற்றவைப்பதில்லை.

மார்ச் 9

"வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏன் ஒரே வோல்டேஜ்?" நல்ல கேள்வி. வெள்ளை எல்இடி என்று தனியாக ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது நீல எல்இடி. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மீதி நீலம் அப்படியே வெளியே வருகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அணைந்திருக்கும்போது உள்ளே மஞ்சள் புள்ளி தெரிவது அந்தப் பூச்சு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-இல் நிக் ஹோலோன்யாக் செய்துகாட்டிவிட்டார். பளிச்சென்ற நீலத்துக்கு அதன் பிறகு முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் செய்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நம் மாடல்களின் ஜன்னல் வெளிச்சம் அந்த நீலத்தின் தயவு.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பூச்சின் கலவையை மாற்றினால் வெள்ளையின் குணம் மாறும். 6000 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. 2700 முதல் 3000 கெல்வின் என்றால் பழைய இழை பல்பின் மஞ்சள் வெள்ளை. பழைய காலக் கப்பலுக்கும் ரயிலுக்கும் இரண்டாவதுதான் பொருந்தும். கையில் குளிர்ந்த வெள்ளைதான் இருக்கிறது என்றால் டாமியா பெயிண்ட்டில் எக்ஸ்-24 கண்ணாடி மஞ்சளில் எக்ஸ்-26 கண்ணாடி ஆரஞ்சைத் துளி கலந்து எல்இடியின் மேல் ஒரு பூச்சு. எரியவிட்டபடியே பூசுங்கள், எங்கே நிறுத்துவது என்று கண்ணே சொல்லிவிடும்.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஏழும் உயிரோடு இருக்கின்றன, எல்லாம் எரிகின்றன. ஆனால் கப்பலின் உடம்பே ஒளிர்கிறதாம்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஒளியை விடும். வெளியே சாம்பல் நிறம் அடித்திருந்தாலும் விடும். உள்பக்கம் முழுக்க முதலில் கறுப்பு, இரண்டு கைப்பூச்சு. காய்ந்த பிறகு அதன் மேல் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை உள்ளே இருக்கும் ஒளியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடும். ஒட்டும் விளிம்புகளில் மட்டும் பெயிண்ட் வேண்டாம், பசை பிடிக்காது.

அலுமினியத் தாள் ஒட்டலாமே என்று இன்னொருவர். ஒளியைத் தடுப்பதில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். நான் ஒரு முறை உள்சுவர் முழுக்கத் தாள் ஒட்டினேன். மேல்தளத்தை அழுத்தி மூடியதும் ஒரு கால் தாளில் பட்டு எல்லாம் அணைந்தது, திறந்தால் எரிந்தது. மூடினால் அணைவதும் திறந்தால் எரிவதுமாக ஒரு மாலை முழுவதும் போனது. தாள்தான் வேண்டும் என்றால் அதன் மேல் ஒரு பூச்சு பெயிண்ட் அடித்து, கால்களை, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்குள் விடுங்கள்.

மார்ச் 12

மூட்டுகளில் கசியும் கோடுகளை மறந்துவிட்டேன். வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக்கைக் குழைத்து உள்பக்க மூட்டில் தடவுங்கள். இருட்டில், விளக்கை எரியவிட்டுத் தடவுங்கள்.

மார்ச் 14

மணல் அளவு எல்இடியில் எப்படி வயர் பற்றவைக்கிறீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

0402 என்ற அளவு 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். 0603 என்பது 1.6-க்கு 0.8. முதல் முறை செய்கிறவர்கள் 0603-இல் தொடங்குங்கள். அளவு ஏன் முக்கியம் என்றால், 1:72 விமானத்தில் 3 மில்லிமீட்டர் எல்இடி என்பது நிஜத்தில் கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டர் அகல விளக்கு. 0402-இன் நீளமோ 7 சென்டிமீட்டர்தான்.

ஒரு மரத்துண்டில் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் மேலே வரும்படி வையுங்கள். எல்இடியை இடுக்கியால் எடுத்து, முதுகு மேலே வரும்படி டேப்பில் அழுத்துங்கள். இரண்டு முனையிலும் ஊசி முனையால், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ். வயருக்கு 0.1 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி. அதன் எனாமலைச் சுரண்ட வேண்டியதில்லை, சுரண்டினால் கம்பி அறுந்துவிடும். சால்டரிங் அயர்னை 390 டிகிரிக்கு ஏற்றி, முனையில் ஒரு சொட்டு ஈயம் எடுத்து, கம்பி நுனியை அந்தச் சொட்டுக்குள் நுழையுங்கள். எனாமல் மெல்லப் புகைந்து விலகி நுனி வெள்ளியாக மின்னும். அந்தப் புகையை மூச்சில் வாங்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லாக் கம்பிகளுக்கும் இப்படி நுனி பூசிய பிறகு அயர்னை 320-க்கு இறக்குங்கள்.

இனி எல்இடி. ஈயம் பூசிய நுனியை எல்இடி முனையில் படுக்க வைத்து, அயர்னால் ஒரு வினாடி தொட்டு எடுங்கள். கூடுதலாக ஈயம் வேண்டாம், நுனியில் இருப்பதே போதும். இரண்டு வினாடிக்கு மேல் போனால் எல்இடி டேப்பை விட்டுக் கிளம்பி அயர்னில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்ததைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், சூட்டில் உள்ளே என்ன ஆனது என்று சொல்ல முடியாது.

முதுகில் சிறு பச்சைக் குறி இருக்கும், பெரும்பாலும் அது மைனஸ் பக்கம். பெரும்பாலும்தான். பற்றவைத்ததும் 3 வோல்ட் காசு பேட்டரி சிஆர்2032 ஒன்றில் 100 ஓம் வழியாகத் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் பிளஸ் கம்பியின் மறுமுனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு.

கம்பி எப்போதும் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அறும். அங்கே ஒரு துளி எபாக்ஸி வையுங்கள். உடனடிப் பசை வேண்டாம், அதன் ஆவி பட்டு எல்இடியும் பக்கத்திலிருக்கும் கண்ணாடி ஜன்னலும் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும்.

மார்ச் 15

எல்இடி மாதிரி கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள் டயோடு; அவற்றைச் சோதிக்க மல்டிமீட்டரில் ஒரு டயோடு நிலை உண்டு. சிலரின் மல்டிமீட்டர் அந்த டயோடு நிலையில் சிவப்பை எரித்துக்காட்டி வெள்ளையை எரிக்காது. எல்இடி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பல மீட்டர்கள் அந்த நிலையில் 3 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். முதல் நாள் கேள்வியில் இருந்த அதே பிரச்சினை.

மார்ச் 18

கப்பலுக்கே திரும்புவோம். சிவப்பும் பச்சையும் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னோக்கி நின்றால் இடது சிவப்பு, வலது பச்சை. விமானத்துக்கும் அப்படியே.

கப்பலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1972-இன் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஒவ்வொரு விளக்கும் எத்தனை டிகிரிக்குத் தெரிய வேண்டும் என்று உண்டு. பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டில் 112.5 டிகிரி. கொடிமர வெள்ளை 225 டிகிரி, அதாவது இரண்டு பக்க விளக்கும் சேர்ந்த அளவு. பின்பக்க வெள்ளை 135 டிகிரி. 225-உம் 135-உம் சேர்ந்தால் முழு வட்டம். ஒரு கப்பல் இருட்டில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்து இன்னொரு கப்பல் இதை வைத்தே கண்டுபிடித்துவிடும். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு இரண்டு கொடிமர விளக்கு வேண்டும், பின்னது உயரமாக.

மாடலில் இந்தக் கோணங்களைக் கொண்டுவருவது சுலபம். எல்இடியின் பின்பக்கத்தை மங்கல் கறுப்பால் மறைத்தால் போதும். நிஜக் கப்பலிலும் பக்க விளக்குக்கு உள்பக்கமாக ஒரு தடுப்பு வைத்து மங்கல் கறுப்பு அடித்திருப்பார்கள். அதை 1:350-இல் ஒரு காகிதத் துண்டால் செய்து, மாடலை மெல்லச் சுற்றி, நேர் முன்னால் வரும்போது மட்டும் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, கொஞ்சம் விலகியதும் ஒன்று மறைவதைப் பாருங்கள். அதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலை தகும்.

மார்ச் 19

நேற்று எழுதிய பிறகு தோன்றியது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் பக்க விளக்குகள் எரியக் கூடாது. எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்குகள்தான். 100 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பல் என்றால் மேல்தளத்தையும் வேலை விளக்குகளால் ஒளிரவைக்க வேண்டும். ஆகவே தளத்தில் விளக்குப் போட்டு, சிவப்பு பச்சையையும் சேர்த்து எரித்தால் கப்பல் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். மைனஸ் பொதுவாக இருக்கட்டும், பிளஸ்ஸில் இரண்டு சுவிட்ச் வையுங்கள்: ஓடும் கப்பல், நிற்கும் கப்பல்.

கொடிமரத்தின் மேலே எல்இடி நுழையாது என்றால் 0.25 மில்லிமீட்டர் ஒளியிழை. 1:350-இல் அது 9 சென்டிமீட்டருக்குச் சமம். எல்இடி கீழே உடம்புக்குள் இருக்கட்டும். இழையின் மேல்நுனியை அயர்னுக்குப் பக்கத்தில் தொடாமல் காட்டினால் காளான் தலை போல உருண்டுகொள்ளும், பக்கவாட்டிலும் ஒளி தெரியும். இழைக்கும் உடனடிப் பசை ஆகாது, முறிந்துவிடும்.

மார்ச் 23

விமானம் செய்கிறவருக்கு: உடம்பின் மேலும் கீழும் உள்ள சிவப்பு மினுக்கு விளக்கு நிஜத்தில் நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை மின்ன வேண்டும். அதற்கு, நேரம் கணக்கிட்டு மின்னவைக்கும் 555 என்ற எட்டுக் கால் ஐசி போதும். 1-ஆம் கால் மைனஸ், 8-உம் 4-உம் பிளஸ். 2-ஐயும் 6-ஐயும் இணைத்து, அங்கிருந்து, மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்துவைக்கும் கப்பாசிட்டர் ஒன்று, 10 மைக்ரோ ஃபாரட், மைனஸுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 120 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 10 கிலோ ஓம். 3-இலிருந்து ரெசிஸ்டரும் எல்இடியும் மைனஸுக்கு. நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முறை.

மார்ச் 24

திருத்தம். கட்டிப் பார்த்தவர் சொல்வது சரி: விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்து, ஒரு கணம் அணைகிறது. நான் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். இந்த மதிப்புகளில் 3-ஆம் கால் 0.9 வினாடி உயர்ந்தும் 0.07 வினாடி தாழ்ந்தும் இருக்கும். ஆகவே எல்இடியை பிளஸ்ஸுக்கும் 3-ஆம் காலுக்கும் நடுவே கட்டுங்கள். கால் தாழ்ந்திருக்கும் அந்த 0.07 வினாடி மட்டும் மின்னும். நமக்கு வேண்டியது அந்தச் சுருக்கென்ற மின்னல்தான்.

இன்னொன்று, சாதாரண 555 தானே சில மில்லி ஆம்பியர் குடிக்கும். விளக்கெல்லாம் சேர்ந்து குடிப்பதைவிட அது அதிகமாகிவிடும். பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் 7555 என்ற, மிகக் குறைந்த கரண்டே குடிக்கும் சீமாஸ் வகையை வாங்குங்கள். கால்கள் அதே வரிசை.

மார்ச் 27

ரயில் பெட்டியில் விளக்கு துடிக்கிறது என்பவருக்கு. சக்கரம் தண்டவாளத்தில் அழுக்கு பட்ட இடத்தைத் தாண்டும்போதெல்லாம் கரண்ட் அறுகிறது. நான்கு டயோடு பாலம், அதன் பிறகு 470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர். ரயில் திசை மாறும்போது தண்டவாளத்தில் பிளஸ் மைனஸ் மாறுவதையும் பாலம் சமாளிக்கும். சாதாரண எல்இடி தலைகீழாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் பாலம் இல்லாமல் கட்டவே கட்டாதீர்கள். கப்பாசிட்டருக்கு முன்னால் 100 ஓம் ஒன்று, முதல் கணத்தில் பாயும் கரண்டை அடக்க.

இங்கேயும் அந்தக் குறைந்த கரண்ட்தான் கைகொடுக்கிறது. கப்பாசிட்டரில் 6 வோல்ட் இறங்க இடம் இருந்தால், 20 மில்லி ஆம்பியரில் அது தாங்குவது 0.14 வினாடி. 1 மில்லி ஆம்பியரில் 2.8 வினாடி. பெட்டி அழுக்கைத் தாண்டிப் போய் ஒரு மூச்சு விட்டிருக்கும்.

மார்ச் 30

பேட்டரியைக் கப்பலுக்குள் வைத்து ஒட்டிவிடலாமா? வேண்டாம். என்னுடைய முதல் கப்பலில் அப்படித்தான் செய்தேன். அது இப்போதும் அலமாரியில் இருக்கிறது, இருட்டாக. திறந்தால் தளம் உடையும், எட்டு மாத வேலை. பேட்டரியும் சுவிட்ச்சும் அடிப்பலகைக்குள் இருக்கட்டும், கப்பலைத் தாங்கும் இரண்டு பித்தளைத் தூண்களே பிளஸ்ஸும் மைனஸும் ஆகட்டும். ரெசிஸ்டர்களையும் அடிப்பலகையிலேயே வைக்கலாம், எந்த விளக்கின் வெளிச்சத்தையும் பின்னாலும் மாற்ற முடியும்.

கடைசி வரியில் பிழை. தூண் இரண்டே இரண்டு என்றால் ரெசிஸ்டர்கள் கப்பலுக்குள்தான் இருக்க வேண்டும். அடிப்பலகையில் ஒன்று மட்டும் வைத்தால் முதல் நாள் கதைதான், சிவப்பு மட்டும் எரியும். வெளியே வைக்க விரும்பினால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பி கீழே இறங்க வேண்டும். குழாய் போன்ற தூண் ஒன்றுக்குள் ஒன்பது எனாமல் கம்பிகளும் எளிதாகப் போகும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் காசு பேட்டரியை ஸ்க்ரூ போட்ட மூடிக்குள் வையுங்கள். விழுங்கினால் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரித்துவிடும்.

ஏப்ரல் 5

தளத்தை ஒட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் பொறுங்கள். எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்தி, மாஸ்கிங் டேப்பால் கட்டி, இன்று இரவு முழுக்க எரியவிடுங்கள். நடுவில் இரண்டு முறை கப்பலைக் கையில் எடுத்துச் சாய்த்து, மெல்லக் குலுக்குங்கள். அரைகுறையாகப் பிடித்த கம்பி இருந்தால் அப்போது சிமிட்டும். காலையில் விடிவதற்கு முன் எழுந்து, அறை விளக்கைப் போடாமல், நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். பின்தளத்துக்குக் கீழே, சுக்கான் பக்கம் குனிந்தும் பாருங்கள். என் கப்பலில் ஒளி கசிந்தது அங்கேதான்.